துடுப்பு வெளியே

"செத்துப்போனவங்க வீட்டுக்குள்ள நடமாடறாங்க சார்," என்றார் பாதுகாப்பு அதிகாரி. சொன்ன பிறகு, அந்த வாக்கியம் தனக்கே பிடிக்காதவர்போல நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

காலை ஒன்பதரை மணி. தையல் கடைக்கு மேலே இரண்டு சிறிய அறைகளில் ஒரு துப்பறியும் அலுவலகம். கீழே மிஷின் ஓடினால் மேலே மேஜை லேசாக அதிரும். மேஜைக்குப் பின்னால் இருந்தவரை அந்தத் தெருவில் எல்லோரும் நிதானம் என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் பேனாவைத் திறந்து தயாராக இருந்தவள் அவருடைய மனைவியின் தங்கை. காதில் விழுந்தது அதே வேகத்தில் வாயில் வந்துவிடும் என்பதால் வீட்டில் அவளுக்குத் தந்தி என்று பெயர். அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அத்தானிடம் செய்த வேலையை அவள் விடவில்லை.

"பேயா?" என்றாள் தந்தி.

"பேயா இருந்தா மந்திரவாதிகிட்ட போயிருப்பேன்மா. இங்க எதுக்கு மாடி ஏறணும்?"

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் நிதானம்.

அதிகாரி சொன்னார். இரண்டு முறை நாட்டை ஆண்ட தலைவர் ஒருவரின் வீட்டில் பதினொரு வருடமாக அவருக்குக் காவல் பொறுப்பு. தலைவருக்கும் அவர் மனைவிக்கும் வயர்லெஸ்ஸில் பேச மறைபெயர்கள் உண்டு. தலைவர் நங்கூரம். மனைவி துடுப்பு.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வகை. எங்களுக்குப் படகு சாமான் வந்துச்சு, தப்பிச்சோம். பக்கத்து அணிக்குக் காய்கறி. ஒரு அமைச்சரை எட்டு வருஷமா சுரைக்காய்னு கூப்பிடறாங்க."

"அவருக்குத் தெரியுமா?" தந்தி சிரிப்பை அடக்கினாள்.

"தெரியக் கூடாது. அதுதான் விதி. நாங்க காவல் காக்கறவங்களுக்கு அவங்க மறைபேரும் தெரியக் கூடாது, அவங்க வீட்டு ஆளுங்க மறைபேரும் தெரியக் கூடாது."

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தகரப் பலகை. அதில் வீட்டின் வரைபடம். ஒவ்வொரு மறைபெயருக்கும் காந்தம் வைத்த ஒரு பித்தளை வில்லை. யார் எங்கே இருக்கிறார் என்று பலகையைப் பார்த்தால் தெரியும். நான்கு மாதத்துக்கு முன் தலைவரின் மனைவி இறந்துபோனார். அதிகாரி துடுப்பு என்ற வில்லையைக் கழற்றி இழுப்பறையில் போட்டார்.

"மூணு வாரமா அது திரும்பப் பலகைக்கு வந்துடுது சார். ஒரு நாள் நூலகத்துல. ஒரு நாள் தோட்டத்து அறையில. நான் எடுத்து உள்ள போடறேன். ரெண்டு நாள் கழிச்சு மாடி அறையில இருக்கு. எல்லாம் மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட் மாறும்போதுதான் கண்ணுல படுது. காலை ஷிப்ட்ல மூணு பேர் முறை வச்சு வர்றாங்க. ஆனா ஒருத்தி வர்ற நாள்ல மட்டும்தான் இது நடக்குது."

"யாரு அது?"

"ஆறு வருஷமா அம்மாவுக்குக் கூடவே இருந்த பெண் காவலர். கேட்டா நான் தொடலைன்னு சொல்றா. ஒண்ணே கால்லேர்ந்து ரெண்டு வரைக்கும் எங்க இருந்தேன்னு கேட்டா, இங்கதான்னு சொல்றா. கண்ணைப் பார்த்துச் சொல்லமாட்டேங்கறா." அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "மேலிடம் கேட்டுட்டாங்க. வெளியாள் கன்ட்ரோல் ரூமுக்குள்ள வந்தானா, இல்ல எங்க ஆளுக்கே மனநிலை சரியில்லையா? நாலு மணிக்குள்ள பதில் போகணும். பதில் இல்லைன்னா இந்த உத்தரவுல நான் கையெழுத்துப் போடணும். அவ வேலை போயிடும். இந்தத் துறையில நீக்கினவங்களை வேற எந்த இடத்துலயும் வாசக் காவலுக்குக்கூட எடுக்கமாட்டாங்க."

"உங்களுக்கு அவங்க மேல சந்தேகமா?"

"இல்லாததாலதானே சார் மாடி ஏறி வந்தேன்."

கைப்பேசியில் மூன்று படங்கள் வைத்திருந்தார். நிதானம் ஒவ்வொன்றையும் நெடுநேரம் பார்த்தார். நூலகத்தில், வில்லை கிழக்கு மூலையை ஒட்டி இருந்தது. தோட்டத்து அறையில் பின்சுவர் ஓரம். மாடி அறையில் இடது பக்கம். மூன்று படங்களிலும் நங்கூரம் என்ற மற்ற வில்லை ஒரே இடத்தில், தலைவரின் படிப்பறைக் கதவின் மேல் இருந்தது.

"கிளம்பலாம்," என்றார்.

காரில் ஏறும்போதே தந்தி முடிவுக்கு வந்துவிட்டாள். "அத்தான், மத்தியான ஷிப்ட் ஆள்தான். அந்தப் பொண்ணை மாட்டிவிடப் பார்க்கறான். அவ ஷிப்ட் முடியற நேரத்துல வந்து வில்லையை ஒட்டிட்டு, ஐயோ பாருங்கன்னு நிக்கறான்."

"இருக்கலாம்."

"நீங்க இருக்கலாம்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்."

வீடு பெரியது. ஆனால் ஆடம்பரம் இல்லை. கட்டுப்பாட்டு அறை கீழ்த்தளத்தின் பின்பக்கம், அகலம் குறைந்த ஒரு நடையின் முடிவில் இருந்தது. பெண் காவலர் எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். பக்கத்தில் மத்தியான ஷிப்ட்காரர், அணியில் மீசை என்று பெயர் வாங்கியவர். அன்று அதிகாரி சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார்.

நிதானம் பலகைக்கு முன்னால் போய் நின்றார். நங்கூரம் என்ற வில்லையைத் தொட்டுப் பார்த்தார். விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. இழுப்பறையிலிருந்து துடுப்பை எடுத்தார். அது பளபளவென்று இருந்தது.

"இதை யார் துடைச்சது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் துடைக்கவில்லை.

"சரி. ஒரு சின்ன வேலை. தலைவர் இப்ப நூலகத்துக்குப் போறார்னு வச்சுக்குங்க. வில்லையை நகர்த்துங்க."

பெண் காவலர் நங்கூரத்தை எடுத்து நூலகக் கதவின் கோட்டின் மேல் வைத்தாள். மீசையும் அதே இடத்தில் வைத்தார். அதிகாரியும் அப்படியே.

"ஏன் கதவு மேல?"

"அப்படித்தான் சார் வைப்போம்," என்றாள் அவள். "எந்தக் கதவு வழியா உள்ள போனாங்கன்றது வரைக்கும்தான் எங்க கணக்கு. அதுக்கப்புறம் அது அவங்க வீடு."

"தந்தி, நீ வை."

தந்தி அறையின் நட்டநடுவில் வைத்தாள். நிதானம் தலையாட்டினார். பிறகு நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

நூலகத்தின் கிழக்கு மூலையில், ஜன்னல் ஓரம், ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதன் மேல் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று. நாற்காலியில் மாதக்கணக்காக யாரும் உட்காராத மாதிரி மெத்தை உப்பியிருந்தது. தோட்டத்து அறையில் பின்சுவர் ஓரம் தையல் மிஷினும் முக்காலியும். மாடி அறைக்கு அவர் போகவில்லை.

"இடது பக்கம் யாரு படுப்பாங்கன்னு நாம கேக்க வேண்டாம்," என்றார்.

தந்தி கையிலிருந்த பேனாவை மூடினாள்.

படிப்பறைக்கு வெளியே, முன்பக்கத் தாழ்வாரத்தில், சுவரோரம் ஒரு ஸ்டூல் கிடந்தது. தந்தி குனிந்து பார்த்தாள். "அத்தான், டம்ளர் வச்ச வட்டம். ஒண்ணு மேல ஒண்ணா நிறைய இருக்கு."

நிதானம் அந்த வட்டங்களைப் பார்த்தார். பிறகு பெண் காவலரைத் தனியாகக் கூப்பிட்டார். தந்தி மட்டும் கூட இருந்தாள்.

"மத்தியானத்துல ஐயாவுக்குத் தண்ணி நீங்கதான் கொண்டுவர்றீங்களா?"

அவள் பார்வை ஸ்டூலுக்குப் போய்த் திரும்பியது.

"நாலு மணிக்கு உங்க வேலை போயிடும்மா. அது தெரிஞ்சும் வாயைத் திறக்கமாட்டேங்கறீங்க. அப்ப நீங்க மறைக்கறது உங்க விஷயம் இல்ல."

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "மாத்திரை சார். ஒண்ணரை மணிக்கு ரெண்டு. அம்மா போறதுக்கு மூணு நாள் முன்னாடி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. 'அவரு தானா போட்டுக்கமாட்டார். வாசல்ல ஆள் நின்னா, நிக்க வைக்கறோமேன்னு வெக்கப்பட்டுப் போட்டுக்குவார்'னு. என் முறை வர்ற நாள்ல நான் செய்றேன். மத்த நாள்ல போடறாரா இல்லையான்னு தெரியலை. காவலர் அந்த வேலையெல்லாம் செய்யக் கூடாது. கன்ட்ரோல் ரூமை விட்டு வெளிய வரவே கூடாது. அதோட, ஐயாவுக்கு ஒரு ஆள் மாத்திரை கொடுக்கணும்னு வெளிய தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"கதவைத் தட்டி டிரேயை நீட்டுவேன். வாங்கிட்டு உள்ள போவார். பத்து நிமிஷம் கழிச்சுக் காலி டம்ளரை ஸ்டூல்ல வைப்பார். வயசாயிடுச்சுல்ல, முழுங்க நேரமாகுதுன்னு நினைச்சேன்."

"கடைசியா ஒண்ணு. அம்மா போன அன்னிக்கு வயர்லெஸ்ல பேசினது யாரு?"

"நான்தான்."

"எங்க நின்னு?"

அவள் முகம் மாறியது. "வழக்கமா தள்ளிப்போய்தான் பேசுவோம். அன்னிக்குக் கால் நகரலை. வாசப்படியிலேயே நின்னு சொல்லிட்டேன்."

வெளியே போவதையும் உள்ளே வருவதையும் எழுதும் பதிவேட்டை நிதானம் கேட்டு வாங்கினார். நான்கு மாதம் பின்னால் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். அதிகாரியிடம் மாத்திரை விஷயத்தையும் தன் சந்தேகத்தையும் சொல்லி, அதைக் காட்டினார். அதிகாரி படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மணி ஒன்று இருபத்தைந்து.

"இன்னிக்கும் அவ மாத்திரை கொண்டுபோகட்டும் சார்," என்றார் அதிகாரி மெல்ல. "நாம கன்ட்ரோல் ரூம்ல கதவுக்குப் பின்னால நிப்போம். கையும் களவுமா..."

"ஒளிஞ்சு நின்னு பிடிக்கறதுக்கு அவர் திருடர் இல்ல," என்றார் நிதானம். "நேரா போய்க் கதவைத் தட்டலாம்."

தலைவர் உயரமானவர். குரல் மட்டும் மேடையில் கேட்ட அதே குரல். மற்றதெல்லாம் சுருங்கியிருந்தது. பெண் காவலரின் கையில் டிரேயையும், அவளுக்குப் பின்னால் மூன்று பேரையும் பார்த்தார். உள்ளே வரச் சொல்லி, எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்தார்.

"முதல்ல மாத்திரையைப் போட்டுக்குங்க ஐயா," என்றார் நிதானம்.

தலைவர் அவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெண் காவலர் டம்ளரைப் பார்த்தாள்.

நிதானம் அவசரமில்லாமல் பேசினார். "பலகையில ஒரு வில்லை மூணு இடத்துல வந்துச்சு. அதை வச்ச கை காவலர் கை இல்ல. அவங்க கதவு மேலதான் வைப்பாங்க. வருஷக்கணக்கா பழகின கை, விளையாட்டுக்குக்கூட வேற இடத்துக்குப் போகாது. வெளியாளும் இல்ல. இவளை வைக்கச் சொன்னேன், அறைக்கு நடுவுல வச்சா. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவங்க அப்படித்தான் வைப்பாங்க. ஆனா அந்த வில்லை நாற்காலி மேல இருந்துச்சு. முக்காலி மேல இருந்துச்சு. அந்த இடத்துல தினமும் உக்கார்ந்தவங்களைப் பார்த்தவர் வச்சது."

தலைவர் காலி டம்ளரை மேஜையில் வைத்தார்.

"அடுத்தது, ஏன் இந்தப் பொண்ணோட முறையில மட்டும்? மத்தவங்க ஷிப்ட்ல அந்த அறை ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கறதில்ல. இவ வர்ற நாள்ல பத்து நிமிஷம் காலியா இருக்கும். இவளே வச்சிருந்தா, தான் இருக்கற நாள்ல வச்சுத் தன் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கமாட்டா. அப்ப, அறை காலின்னு தெரிஞ்ச இன்னொருத்தர் வச்சிருக்கணும். அது யாருக்குத் தெரியும்? அதிகாரிக்குத் தெரியாது. மீசைக்குத் தெரியாது. இவ யாரோட கதவுக்கு வெளிய நிக்கறாளோ, அவருக்கு மட்டும்தான் தெரியும்."

தந்தி சுற்றும்முற்றும் பார்த்தாள். புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. பின்பக்க நடைக்குத் திறக்கும் கதவு.

"படம் எடுத்த மூணு நாளும் நங்கூ..." அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயாவோட வில்லை முன்கதவு மேலயே இருந்துச்சு."

"ஆமா. போன கதவைத்தான் உங்களுக்குத் தெரியும். இன்னொரு கதவு வழியா வந்ததைப் பலகை சொல்லாது. இவ இந்தப் பக்கம் டம்ளருக்காக நின்னா. ஐயா அந்தப் பக்கம் போயிட்டு வந்தார்."

"பேரு?" என்றாள் தந்தி. "மறைபேரு ஐயாவுக்குத் தெரியக் கூடாதே அத்தான்."

அதற்குத் தலைவர்தான் பதில் சொன்னார்.

"அவளைத் தூக்கிட்டுப் போனப்ப இந்தப் பொண்ணு என் பக்கத்துல நின்னா. துடுப்பு கிளம்பியாச்சுன்னு சொன்னா." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "மூணு வாரம் முன்னாடி, மாத்திரை வாங்கி வச்சிட்டு, ஒரு பேனா தேடிட்டு அந்த நடை வழியா போனேன். அறையில யாரும் இல்ல. இழுப்பறையைத் திறந்தா அவ பேரு. கிளிப்புக்கும் குண்டூசிக்கும் நடுவுல கிடக்கு. எடுத்துத் துடைச்சு, அவ உக்கார்ற இடத்துல வச்சேன்."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்யாணமாகி நாப்பத்தி நாலு வருஷம். அவ வெளிய போனா இவங்க சொல்வாங்க, அம்மா கிளம்பியாச்சுன்னு. ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ கழிச்சு, அம்மா வந்தாச்சுன்னு சொல்வாங்க. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு வேலை ஓடும். இந்தத் தடவை கிளம்பியாச்சுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். ரெண்டாவது சேதி வரவே இல்ல." பிறகு அவர் பெண் காவலரைப் பார்த்தார். "இதுல உனக்கு என்னம்மா கஷ்டம்? மூணு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கே."

அவள் தரையைப் பார்த்தாள். அதிகாரி உத்தரவைப் பற்றிச் சொன்னார்.

தலைவரின் முகம் வெளுத்தது. "என்னாலயா? இந்தப் பொண்ணு வேலை என்னால போகுமா? காகிதம் கொடு. நான்தான் செஞ்சேன்னு எழுதித் தர்றேன்."

"அது வேண்டாம் ஐயா," என்றார் அதிகாரி. "வெளியாள் இல்ல, ஆள் போனதும் வில்லையை மேலிடத்துக்குத் திருப்பி அனுப்பணும், அனுப்பாதது என் தப்புன்னு நான் எழுதிக்கறேன். அது உண்மைதான். நாலு மாசமா படிவத்தை எடுப்பேன், வைப்பேன். நானும் இந்த வீட்ல பதினோரு வருஷம்." தொண்டையைச் செருமினார். "ஆனா ஒண்ணு இருக்கு. பதிவேட்டை மேலிடத்துல பார்ப்பாங்க. ஒரு வரி திறந்து கிடக்கு. அதுல இவ கையெழுத்து இருக்கு. அதை மூடலைன்னா, நான் என்ன எழுதினாலும் இவளைத்தான் பிடிப்பாங்க."

பெண் காவலர் பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். அவளுடைய எழுத்து. *துடுப்பு. முன்வாசல். 10.20. வெளியே.* அதற்கு நேரே அடுத்த கட்டம் வெறுமையாக இருந்தது.

"வெளியேன்னு எழுதினா, ரெண்டே வழிதான் மூட முடியும்," என்றாள் அவள். "உள்ளேன்னு எழுதணும். இல்லைன்னா அடுத்த அணிகிட்ட ஒப்படைச்சாச்சுன்னு எழுதணும். வாங்கிக்கிட்டவங்க கையெழுத்துப் போடணும். உள்ளேன்னு எழுதக் கை வரலை ஐயா. ஒப்படைச்சேன்னு எழுத... யாருகிட்டன்னு தெரியலை. அதான் அப்படியே விட்டுட்டேன்."

தலைவர் அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். வெளியே தோட்டத்தில் யாரோ குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட ஒப்படைச்சேன்னு எழுதும்மா."

அவள் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விதியில அணித் தலைவர்னுதான் இருக்கு," என்றார். "எந்த அணின்னு இல்ல."

அவள் எழுதினாள். எழுத்து முதலில் கோணியது, பிறகு நேரானது. பதிவேட்டைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தாள். பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் அரசாணைகளில் போட்ட கையெழுத்து. அதற்கடுத்து, பதவி என்றிருந்த இடத்தில் பேனா நின்றது. பிறகு, கணவர் என்று எழுதினார்.

"நேரம் போடணுமா? அன்னிக்கு நேரமா?"

"இப்ப என்ன நேரமோ அது ஐயா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒன்று ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

அதிகாரி உத்தரவை நான்காகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அறையை விட்டு வந்ததற்கு அவளுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு என்றும், நாளையிலிருந்து ஒன்றரை மணிக்குப் பலகை முன்னால் உட்கார மீசை சீக்கிரம் வருவார் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். மீசையைக் கேட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

பெண் காவலர் பதிவேட்டோடு கொண்டுவந்திருந்த துடுப்பு வில்லையைப் பையிலிருந்து எடுத்தாள். தலைவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒப்படைச்சாச்சு ஐயா," என்றாள்.

அவர் விரல்களை மடக்கினார்.

"வந்து சேர்ந்தாச்சு," என்றார்.